ஒரு பெல்லட்டை நம்பி ஸ்கோப்பைத் திருகாதீங்க

என் ஏர் ரைபிளுக்குப் புதுசா ஒரு ஸ்கோப் வாங்கி மாட்டினேன். முதல் நாள் சாயங்காலமே நாற்பது பெல்லட் காலி. ஆனால் ஜீரோ ஆகவில்லை. ஸ்கோப் பழுது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பலாம் என அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது.

முதலில் ஜீரோ என்றால் என்ன என்று பார்ப்போம். ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பார்வை நேர்கோடு. பெல்லட் அப்படி இல்லை, குழலை விட்டு வந்த நொடியிலிருந்தே கீழே விழ ஆரம்பிக்கிறது. அதனால் குழல் பார்வைக்கோட்டை நோக்கிக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பெல்லட் கீழிருந்து வந்து அந்தக் கோட்டைத் தொட்டு, லேசாகத் தாண்டி, மறுபடி இறங்கும். அது கோட்டில் வந்து சேரும் தூரம்தான் ஜீரோ.

என் ரைபிளின் வேகம் நொடிக்கு சுமார் 240 மீட்டர். 25 மீட்டர் போக 0.11 நொடி ஆகும். அதற்குள் பெல்லட் ஆறு சென்டிமீட்டர் விழுந்துவிடும். 25 மீட்டரில் ஜீரோ செய்தால், 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கீழே படும், 35 மீட்டரில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீழே படும். ஆகவே தூரத்தைச் சொல்லாமல் "ஜீரோ ஆயிடுச்சு" என்றால் அதற்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது திருகு. பல ஸ்கோப்களில் ஒரு கிளிக் என்பது கோணத்தில் கால் நிமிடம். 100 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர், 25 மீட்டரில் 1.8, 10 மீட்டரில் வெறும் 0.7. பத்து மீட்டரில் நாலு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் ஐம்பத்தைந்து கிளிக் திருகணும்! நாலஞ்சு கிளிக் திருகிவிட்டு "ஒண்ணுமே நகரலையே" என்று நினைப்பது இதனால்தான்.

இப்போ என் தப்புக்கு வருவோம். நான் ஒவ்வொரு தடவை சுட்டதும் திருகினேன். இடப்பக்கம் போனால் வலப்பக்கம், மேலே போனால் கீழே. புள்ளியியலாளர் டெமிங் விளக்கிய புனல் சோதனை இதேதான். ஒரு குறிக்கு மேல் புனலை வைத்துக் கோலியைப் போடுகிறோம். கோலி எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறோம். பிழை குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் சிதறல் 1.4 மடங்கு அதிகமாகும்! தற்செயலாக வந்த விலகலை நிரந்தரப் பிழை என்று நினைத்துத் திருத்துகிறோம், அதனால் அடுத்த கோலியின் விலகலோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது.

மறுநாள் ஸ்கோப்பை மறுபடி மாட்டி, திருகைத் தொடாமல் ஐந்து சுட்டேன். உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. ரைபிளை மதில்மேல் நேராக வைத்திருந்தேன். ஸ்பிரிங் ரைபிள் பெல்லட் வெளியே வருமுன்னே துள்ளும், கெட்டியான இடத்தில் வைத்தால் அந்தத் துள்ளல் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இருக்கும். மதிலுக்கும் ரைபிளுக்கும் நடுவில் இடது உள்ளங்கையை வைத்து, இறுக்கிப் பிடிக்காமல் மறுபடி ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்குள் வந்துவிட்டன. குறிக்கு நாலு சென்டிமீட்டர் இடப்பக்கம்தான், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில்.

அந்த ஐந்து ஓட்டைகளுக்கும் நடுவிலிருந்து குறிவரை ஸ்கேல் வைத்து அளந்தேன். 40 மில்லிமீட்டரை 1.8-ஆல் வகுத்து 22 கிளிக். ஐந்தின் சராசரியில் தற்செயல் பிழை, ஒற்றைப் பெல்லட்டில் இருப்பதில் பாதிகூட இருக்காது. அடுத்த ஐந்து குறியைச் சுற்றியே விழுந்தன. மொத்தம் பதினைந்து பெல்லட்!

நீங்களும் செய்வதாக இருந்தால், தாளுக்குப் பின்னால் மணல் மூட்டை கட்டாயம். முதலில் 10 மீட்டரில் பெரிய தாளில் தொடங்குங்கள், அப்புறம் 25-க்குப் போங்கள். ஐந்து சுட்டு, அளந்து, ஒரே தடவை திருகுங்கள். பெல்லட் ரகத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

என் ரைபிள் கட்டையில் இப்போ ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது. அதில் "25 மீ" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.