அணைக்கட்டுத் திருத்தமும் அரசாங்க நிதியுதவியும்

பிலிமத்தலாவையைச் சூழ்ந்த பள்ளத்தாக்கு வயல்கள் பல, ஓடைகளை மறித்துக் கட்டிய சிறு அணைக்கட்டுகளால் நீர் பெறுவன. அணை சிதைந்தால் முதலிற் காய்வது வாய்க்காலின் கடைசி வயலும், அதனை அடுத்த மரக்கறிப் பாத்தியுமேயாம்.

80 ஹெக்டயர் வரையான நிலத்துக்கு நீரூட்டும் வேலைகள் சிறு நீர்ப்பாசனம் எனப்படும். அவற்றைத் திருத்தும் அரசாங்க நிதி தனியொருவருக்கு உரியதன்று. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பின் வாயிலாகக் கமநல சேவை நிலையத்திடம் கேட்டல் வேண்டும்.

ஆகவே, கமக்காரர்களே! பெரும்போகம் தொடங்குமுன் வாய்க்கால் நெடுகிலும் நடந்து பாருங்கள். கடைசி வயற்காரரையும் உடன் அழையுங்கள். உடைப்பு, கசிவு, மணலடைப்பு, பயன்பெறும் வயற்பரப்பு ஆகியவற்றைக் குறித்து, கூட்டத்தில் தீர்மானமாக்கிக் கொடுங்கள். அணையைத் திருத்த அரசாங்கம் உதவும். வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருத்தல் நம் கடமையாகும்.