அரை மணி நேரத்தின் விலை

மதுரையில் அதிகாலை ஐந்தரை மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றியோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ நடப்பவர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஓய்வு பெற்றோர், வணிகர், வழக்குரைஞர் எனக் குழுக்குழுவாகப் பேசிக்கொண்டே நடப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

நடைப்பயிற்சியைச் செலவில்லாத மருந்து என்று பாராட்டுவது வழக்கம். மன உறுதி இருந்தால் போதும், யாரும் நடக்கலாம் என்பார்கள். பொருளியல் பயின்றவர்களுக்குச் 'செலவில்லாதது' என்ற சொல்லின் மீது எப்போதுமே ஓர் ஐயம் உண்டு.

அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் கிராஸ்மன் 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் உடல்நலத்தை ஒரு மூலதனமாகக் கொண்டு விளக்கினார். ஒவ்வொருவரும் ஓர் இருப்புடன் பிறக்கிறோம். வயது ஏற ஏற அது தேய்கிறது. உணவு, உடற்பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றின் வழியாக அதில் மறுபடியும் முதலீடு செய்கிறோம். அந்த முதலீட்டில் பணம் மட்டுமன்றி, அவரவரின் நேரமும் அடங்கும் என்பதுதான் அவரது விளக்கத்தின் முக்கியமான பகுதி. என் நடையை இன்னொருவர் நடக்க முடியாது. ஆனால், நான் நடப்பதற்கான நேரத்தை இன்னொருவர் எனக்கு ஒதுக்கித் தர முடியும். நம் வீடுகளில் அதைத்தான் பெண்கள் செய்கிறார்கள்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது. அதாவது, வாரத்தில் ஐந்து நாள்கள், நாளுக்கு அரை மணி நேரம்.

இந்த அளவை எட்டாதவர்கள் எத்தனை பேர்? 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கூறியது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேர் அந்நோயுடன் வாழ்கிறார்கள்.

'வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே' என்ற வாதம் உடனே எழும். உலக சுகாதார நிறுவனமும் வீட்டு வேலையை உடலுழைப்பாகவே கணக்கில் கொள்கிறது. துணி துவைப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் அப்படிப்பட்டவையே. ஆனால், காய் நறுக்குவதும் அடுப்பு முன் நின்று தோசை வார்ப்பதும் இதயத் துடிப்பை உயர்த்துவதில்லை. நெடுநேரம் நிற்பதால் காலில் வலிதான் மிஞ்சும். உரலும் அம்மியும் போய் கிரைண்டரும் மிக்சியும் வந்த பிறகு வேலையின் கடுமை குறைந்திருக்கிறது. நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இந்த வாதத்தை முன்வைப்பவர்களில் எவரும் தம் நடையை விட்டுவிட்டு அந்தப் பயிற்சிக்கு மாறியதாகத் தெரியவில்லை.

பெண்களுக்கு நடப்பதில் நாட்டமில்லை என்பதும் பொய். பௌர்ணமி இரவில் திருப்பரங்குன்றம் சென்று பார்க்கலாம். கிரிவலப் பாதையில் பெண்கள் கூட்டங்கூட்டமாக நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரிலும் அவர்கள் ஏராளம். 'நடக்கவே நேரமில்லை' என்று சாதாரண நாள்களில் சொல்பவர்களும் அக்கூட்டத்தில் இருப்பார்கள். அன்று மட்டும் மூன்று வசதிகள் கிடைக்கின்றன. வீட்டில் எவரும் கேள்வி கேட்காத நேரம், வழியெங்கும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும், கூடவே வரும் தோழியர் அல்லது உறவினர். பக்தி அதற்கு அனுமதி வாங்கித் தருகிறது. சர்க்கரை நோய்க்கு அந்தச் செல்வாக்கு இன்னும் வரவில்லை.

துணை என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தெப்பக்குளத்து ஆண்கள் ஆண்டுக்கணக்கில் நடையைத் தொடர்வதற்கு மருத்துவரின் எச்சரிக்கையைவிட, 'நேற்று ஏன் வரவில்லை' என்று கேட்கும் நண்பர்களே காரணம். (நடை முடிந்ததும் அதே நண்பர்கள்தாம் வடைக் கடைக்கும் அழைத்துப் போகிறார்கள் என்பது வேறு கதை.) பெண்ணின் நட்பு வட்டமோ திருமணத்தோடு கலைந்து, புகுந்த ஊரில் மீண்டும் முளைக்கப் பல ஆண்டுகளாகிறது.

இது பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நம் பள்ளிகள் பலவற்றில் பழகிப்போன வழக்கம். அதிலும் பூப்பெய்திய பிறகு மைதானத்தை விட்டு விலகும் சிறுமிகள் பிறகு அங்கே திரும்புவதே இல்லை. ரேஸ்கோர்ஸில் ஹாக்கி அரங்கம் வந்திருப்பது மகிழ்ச்சிதான். அரங்கங்களை எண்ணுவதுபோல, பத்தாம் வகுப்புக்குப் பிறகும் விளையாடுகிற மாணவிகளையும் எண்ண வேண்டும்.

நடையால் பயன் உண்டா என்ற ஐயம் இனி தேவையில்லை. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. உணவு மாற்றமும், நாள்தோறும் அரை மணி நேர விரைவு நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தபோது 26.4 சதவீதம் குறைந்தது. அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்!

தெப்பக்குளத்தில் கணவனும் மனைவியுமாக நடப்போரும் ஆங்காங்கே தென்படுகிறார்கள். பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளியூர் போனதால் அடுப்படி வேலை குறைந்தவர்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைக் காண்பதுதான் அரிது. மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டித்தான் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. மூலதனம் வேகமாகத் தேயும் பருவத்தில் முதலீடு செய்ய அவரிடம் நேரம் இல்லை.

குடும்பத்துக்குள் செய்யக்கூடியது எளிது. வாரத்தில் மூன்று நாள்கள் காலையில் கணவர் இட்லி ஊற்றட்டும், மனைவி நடக்கட்டும். முடியாத வீடுகளில் மாலை ஏழு மணி நடை ஏற்றது.

ஆனால், மாலை நடைக்கு வெளிச்சம் வேண்டும், சமமான நடைபாதை வேண்டும், தூய்மையான கழிப்பறை வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு கிலோ மீட்டர் எல்லாருக்கும் வாய்க்காது. குடியிருப்பை ஒட்டி, மாசி வீதிகளிலோ கண்மாய்க் கரைகளிலோ ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்கு இரவு ஒன்பது மணி வரை விளக்கெரிந்தால் போதும். மாநகராட்சியிடம் அந்தக் கோரிக்கை மனுவை எடுத்துச் செல்ல, அதிகாலை நடைக் குழுக்களில் இருக்கும் ஆண்களே முன்வரலாம். அவர்களில் வழக்குரைஞர்களுக்கும் ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கும் குறைவில்லை.