கடன் அறவீடும் எம் கையில் எஞ்சும் உடைமையும்

நொஷாட்டலில் வாழும் எம்மவர் பலருக்குப் 'பூர்சுயித்' என்ற சொல்லே அச்சமூட்டுவதாக உள்ளது. கடன் அறவீட்டுப் பணிமனையின் கடிதம் வந்தால் வீட்டிலுள்ள யாவும் போய்விடும் என்றெண்ணி, உறையைப் பிரிக்காமலே ஒதுக்கி வைப்போரும் உளர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

சுவிற்சர்லாந்தின் கடன் அறவீட்டு, திவால் சட்டம் 1889ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பெருந் திருத்தங்களுடன் 1997இலிருந்து நடைமுறையில் உள்ள இச்சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது. கைப்பற்றக் கூடாதவற்றை அதன் 92ஆம் பிரிவு வகுத்துரைக்கின்றது. குடும்பத்துக்கு இன்றியமையாத உடைகள், தளபாடங்கள், சமையற் பாத்திரங்கள், தொழிலுக்கு வேண்டிய கருவிகள், இரண்டு மாதங்களுக்கான உணவு, எரிபொருள் ஆகியன அவற்றுட் சில. வழிபாட்டு நூல்களும் பொருட்களும் கூட இப்பட்டியலில் அடங்கும். சமூக உதவிப் பணத்திலும் முதியோர் ஓய்வூதியத்திலும் கைவைக்க இயலாது.

நகை பற்றி நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத அணிகளை இந்தியாவின் 1908ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகவே காக்கின்றது. சுவிஸ் சட்டத்தில் அத்தகைய வாசகம் இல்லை. அதற்காக நகையை மறைப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். உள்ளதைக் கூறி, அதன் சமயப் பொருளையும் எடுத்துரைப்பதே முறை.

சம்பளத்தில் வாழ்க்கைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தொகைக்கு மேற்பட்டதையே, அதுவும் ஒரு தடவையில் ஓராண்டுக்கு மட்டுமே கைப்பற்றலாம். அறவீட்டு அலுவலர் மாநாட்டின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, தனியொருவருக்கு மாதம் 1,200 பிராங்கும் தம்பதியருக்கு 1,700 பிராங்கும் அடிப்படைத் தொகையாக வகுத்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 400, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 600. வீட்டு வாடகையும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணமும் இவற்றுடன் சேர்க்கப்படும். ஆனால் அவற்றை உண்மையிற் செலுத்தி வருவதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். சீட்டுக்காசு இக்கணக்கில் சேராது.

தாம் படாத கடனுக்குக் கட்டளை வந்தால், கிடைத்த பத்து நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கைப்பற்றலில் தவறிருப்பின், மேற்பார்வை அதிகாரபீடத்திடம் முறையிடவும் பத்து நாட்களே உண்டு.

திவாலை அறிவித்தாலும் கடன் மறைந்துவிடாது. எஞ்சிய தொகைக்குக் கடன்காரரிடம் வழங்கப்படும் சான்றிதழ் இருபது ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆகவே பிரெஞ்சு மொழி விளங்காதவிடத்து, கடிதத்தை அன்றே விளங்கியவரிடம் காட்டுங்கள். சட்டம் தந்த காப்பு, கேட்பவருக்கே கிட்டும்.