போப்பின் ஈரடியும் குறளின் ஈரடியும்

1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கண்ட கோலாலம்பூரில், குறளை ஆங்கிலச் செய்யுளோடு ஒப்புநோக்குதல் பொருத்தமேயாம்.

டிரைடனும் (1631–1700) அலெக்சாண்டர் போப்பும் (1688–1744) விரும்பிக் கையாண்ட ஈரடிச் செய்யுளில் அடிக்குப் பத்து அசை (தமிழ் அசையன்று, ஓருயிர் ஒலிக்கும் அளவே); ஈற்றில் இயைபு. குறளுக்கோ ஏழே சீர். எதுகை பெரும்பாலும் அடிமுதலில் நிற்கும். வேற்றுமை இதனினும் ஆழமானது. போப் 1711இல் வெளியிட்ட திறனாய்வுச் செய்யுள் 744 அடிகள் உடையது. ஈரடிகள் சங்கிலியாய்த் தொடர்ந்து வாதத்தை நடத்துகின்றன. குறளோ தனித்தே முடிந்துவிடும்.

1886இல் குறளைச் செய்யுளாகவே பெயர்த்த ஜி. யு. போப் (இவர் வேறொருவர்) ஈற்றியைபைப் போற்றினார். பத்தசைக் கட்டினை விட்டார். இயைபைத் தேடிய இடங்களில் குறளின் செறிவு நெகிழ்ந்தது.