தூரடியில் இருப்பது எது?

மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு சுமார் 250 வகைப் பறவைகள் இனம் பிரித்துப் பதிவு செய்யப்பட்டுள்ளன. குன்றில் பறவைகளைப் பிரித்தறிந்தது போல நெல் வயலில் பூச்சிகளையும் பிரித்தறிய வேண்டும். நாமோ, தூரடியில் எது ஊர்ந்தாலும் தெளிப்பானைத் தூக்கி விடுகிறோம்!

பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்பு நிறத்தில், ஆறு கால்களுடன் கூட்டமாக இருப்பது புகையான். சாற்றை உறிஞ்சிப் பயிரை வட்ட வட்டமாகத் தீய்த்து விடும். எட்டுக் கால்களுடன் நீர்மேலும் ஓடுவது ஓநாய்ச் சிலந்தி. இது பூச்சி இனமே அன்று. புகையானைப் பிடித்துத் தின்னும். ஏமாந்து போவது இன்னொன்றில்தான். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியைப் பார்த்தால் பச்சைத் தத்துப்பூச்சி என்றே தோன்றும். உணர்கொம்புகளைக் கவனியுங்கள். தத்துப்பூச்சிக்கு அவை மயிர் போலக் குட்டையானவை, மிரிடுக்கு நீளமானவை. மிரிட், புகையானின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும்.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தாலே மருந்து தேவைப்படும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வேண்டாம். நன்மை செய்பவை மடிந்து, புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். முதலில் வயல்நீரை வடித்து விடுங்கள்.