புகைப்படத்துக்கு வராத அழுகை

1688-ல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு ஆய்வேடு எழுதினார். ஊரை விட்டு வெகுதூரம் போன சுவிஸ்காரர்களுக்கு வரும் 'நோய்' பற்றியது. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, உயிரே கூடப் போகலாம் என்றார். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்தார்.

சுவிஸ் கூலிப்படையினர், ஊரில் மாடு மேய்ப்பவர்கள் வாசிக்கும் மெட்டைக் கேட்டால் அழுவார்களாம், படையை விட்டே ஓடிவிடுவார்களாம். அதனால் அதற்குத் தடை இருந்ததாக ரூசோ தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு முக்கியமான விஷயமும் சொல்கிறார்: அந்த மெட்டு வெளியூர்க்காரரை ஒன்றும் செய்வதில்லை. அதாவது, சக்தி இசையில் இல்லை, அது கிளப்பிவிடும் நினைவில் இருக்கிறது.

இது எனக்கும் நடந்தது. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைத் தினமும் பார்க்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. போன மாதம் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டும்போது அந்த சொல்யூஷன் வாசனை வந்தது, அவ்வளவுதான். பேச்சே வரவில்லை.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, மூளையின் வயரிங். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்கிலிருந்து நுகர்வுக் குமிழ், அங்கிருந்து உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேரடி இணைப்பு. நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்திலேயே. 'என்ன வாசனை இது?' என்று யோசிப்பதற்குள் கண் கலங்கிவிடும்.

இரண்டாவது, பயன்பாடு. தினமும் பார்க்கும் படத்தோடு ஆயிரம் புது நினைவுகள் ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே கீ-க்கு ஆயிரம் ரெக்கார்டு. எதைத் தேடினாலும் குறிப்பாக ஒன்று கிடைக்காது. எப்போதோ ஒருமுறை வரும் வாசனைக்கு ஒரே ரெக்கார்டுதான். அது பழையபடி, அப்படியே வந்து நிற்கும். சொல்லையோ படத்தையோ காட்டினால் பதின்வயது நினைவுகள் அதிகம் வருகின்றன, வாசனையைக் காட்டினால் பத்து வயதுக்கு முந்தியவை அதிகம் வருகின்றன என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

சாவு வீட்டில் அழாதவரைக் 'கல் நெஞ்சு' என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கான சாவி வேறு எங்கோ, ஒரு மூக்குப்பொடி டப்பாவிலோ பழைய ஸ்வெட்டரிலோ இருக்கலாம். அது என்றைக்குத் திறக்கும் என்று அவருக்கே தெரியாது.