அன்று அங்கே இருந்தீர்களா?

அரசாங்க விண்ணப்பம் என்றால் கடைசித் தேதி நெருங்கிய பிறகுதான் பெரும்பாலும் நம் காதுக்கே வரும். அமெரிக்க நீதித்துறையிடம் உள்ள ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் 2090-ஆம் ஆண்டு அக்டோபர் 1 வரை கெடு இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலால் உடல்நலம் கெட்டவர்களுக்கும், அதனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பணம் தரும் இழப்பீட்டு நிதி அது. தாராளம்தான். ஆனால் அந்த நீண்ட கெடுவுக்குள் ஒரு குட்டிக் கெடுவும் இருக்கிறது. அசந்தால் கவிழ்ப்பது அதுதான்.

நிதி பிறந்த வேகம் அரசாங்கங்களிடம் அபூர்வமாகக் காணக்கிடைப்பது. தாக்குதல் நடந்த 11-ஆம் நாளே சட்டம் கையெழுத்தாகிவிட்டது. இரக்கம் மட்டும் காரணமல்ல. மூவாயிரம் குடும்பங்கள் வழக்குப் போட்டால் விமான நிறுவனங்கள் திவாலாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அதனால் ஒரு பேரம்: அரசு தரும் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுங்கள்.

யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் வேலை கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞர் தலையில் விழுந்தது. சம்பளம் வாங்காமல் 33 மாதம் பார்த்தார். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 2,50,000 டாலர். கணவன் அல்லது மனைவிக்கும், அவரை நம்பியிருந்த ஒவ்வொருவருக்கும் தலா ஒரு லட்சம். இது எல்லோருக்கும் பொது. சிக்கல் அதற்கு மேல்தான். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போடச் சொன்னது சட்டம். உலக வர்த்தக மையத்தில் பங்குச்சந்தை நிறுவனத்தில் இருந்தவரின் உயிருக்கு ஒரு விலை, அதே கட்டடத்தின் உச்சியில் உணவகத்தில் வேலை செய்தவரின் உயிருக்கு வேறு விலை. மிகக் குறைந்த தொகை 2,50,000, மிக அதிகம் 71 லட்சம் டாலர். போதாததற்கு, ஆயுள் காப்பீட்டில் வந்த பணத்தையும் கழித்துக்கொண்டார்கள். முன்யோசனையாக பிரீமியம் கட்டியவன் குடும்பத்துக்கு இதுவா தண்டனை என்று குடும்பங்கள் கொதித்தன. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது.

ஃபைன்பெர்க் 900-க்கும் மேற்பட்ட விசாரணைகளில் தானே உட்கார்ந்து கேட்டார். உரிய ஆவணமின்றி அமெரிக்காவில் இருந்த தொழிலாளர்களின் குடும்பங்களுக்கும் பணம் போனது. இறந்தவர்களின் குடும்பங்களில் 97 சதவீதம் இந்த நிதிக்குள் வந்தன. சுமார் 700 கோடி டாலர் வழங்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே எழுதினார். 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு திரண்ட நன்கொடையைப் பங்கிடும் பொறுப்பு வந்தபோது, இறந்த அத்தனை பேருக்கும் சமமாகவே கொடுத்தார்.

2003 டிசம்பரில் அந்த நிதியின் கதவு அடைக்கப்பட்டது. இடிந்த கட்டடங்களின் தூசி மட்டும் யார் நுரையீரலையும் விட்டுப் போகவில்லை. பொடியான கான்கிரீட், கண்ணாடி, கல்நார் எல்லாம் கலந்த தூசி அது. தாக்குதல் நடந்த ஒரு வாரத்தில், காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லை என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டீன் டாட் விட்மன் அறிவித்தார். மக்கள் வீடு திரும்பினார்கள், அலுவலகங்கள் திறந்தன. இடிபாடுகளில் வேலை செய்த ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற போலீஸ் துப்பறிவாளர் 2006-இல் மூச்சுக்கோளாறால் இறந்தார். அவர் பெயரிலான சட்டத்தில் 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பிறகு நிதி மறுபடி உயிர்பெற்றது. தாக்குதல் நடந்த அன்று ஒரே நாளில் இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். 2023-க்குள் அதே எண்ணிக்கையில் வீரர்கள் நோயாலும் போய்ச்சேர்ந்திருந்தார்கள்.

விண்ணப்பிப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: அன்று அங்கே இருந்தீர்களா? ‘அங்கே’ என்பதற்கு வரைபடமே உண்டு. நியூயார்க்கில் ஏறக்குறைய கெனால் தெருவுக்குத் தெற்கே உள்ள மன்ஹாட்டன் பகுதி, இடிபாடுகளை ஏற்றிச் சென்ற பாதைகள், அவற்றைக் கொட்டிய ஸ்டேட்டன் தீவின் குப்பைக் கிடங்கு. இவை தவிர பென்டகன், பென்சில்வேனியாவில் விமானம் விழுந்த ஷாங்க்ஸ்வில். ‘அன்று’ என்பது 2001 செப்டம்பர் 11 முதல் 2002 மே 30 வரை. நிறுவனத்தின் கடிதம், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பள்ளிப் பதிவேடு, ஏதாவது ஒன்று வேண்டும்.

இருபது வருடத்துக்கு முந்தைய கரண்ட் பில்லை யார் வைத்திருப்பார்கள்? வேலை கொடுத்த நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். அடுக்குமாடி வீடுகளில் தூசி துடைத்த புலம்பெயர்ந்த கூலியாட்கள் பலருக்கு ரொக்கமாகத்தான் கூலி. அவர்களிடம் சம்பளச் சீட்டு ஏது? அப்படிப்பட்டவர்கள், நேரில் பார்த்தவர்களின் சத்தியக் கூற்றுகளைக் கொண்டுவரலாம். அதிலும் “அவரை எனக்குத் தெரியும், அங்கேதான் வேலை பார்த்தார்” என்று எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்தெந்த நாட்கள், சாட்சி சொல்பவருக்கு அது எப்படித் தெரியும், எல்லாம் வேண்டும். கூடவே சுத்தம் செய்தவரைத் தேடிப் பிடிப்பதற்கே பாதி உயிர் போய்விடும்.

அடுத்தது நோய். அதற்குச் சான்றளிப்பது உலக வர்த்தக மையச் சுகாதாரத் திட்டம் என்ற தனி அமைப்பு. அது மருத்துவம் பார்க்கும். நிதிதான் பணம் தரும். குட்டிக் கெடு ஒளிந்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். நோய் இந்தத் தாக்குதலால் வந்தது என்று சான்று கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நிதியில் பெயரைப் பதிய வேண்டும். சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்ததையே பதிவு என்று நினைத்து இருந்துவிட்டால் கெடு ஓடிவிடும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்தவர் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் கிடையாது. வழக்கறிஞர் வைத்தால் அவர் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. மனநோய்க்கு சுகாதாரத் திட்டத்தில் சிகிச்சை உண்டு, நிதியில் இழப்பீடு இல்லை. அன்று அதிகம் உடைந்தது மனம்தான் என்பவர்களுக்கு இந்த விதி கசக்கத்தான் செய்யும்.

பணமும் ஒருமுறை தீரும் நிலைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் நிதியின் அன்றைய தலைவர் ரூபா பட்டாச்சார்யா, காத்திருக்கும் மனுக்களுக்குப் பாதியும் இனி வருபவற்றுக்கு எழுபது சதவீதமும் வெட்டு என்று அறிவித்தார். ஜூனில் புற்றுநோய் முற்றிய நிலையிலும் லூயிஸ் ஆல்வரெஸ் என்ற முன்னாள் துப்பறிவாளர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து பேசினார். அதே மாதம் இறந்தார். ஜூலையில் சட்டம் நிறைவேறி 2090 என்ற கெடு வந்தது. வெட்டிய தொகையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

தனக்குத் தகுதி உண்டு என்றே தெரியாதவர்களை எட்டுவதுதான் இப்போதைய வேலை. தீயணைப்பு வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சொல்ல ஆள் இருக்கிறது. அந்தத் தெருக்களில் இருந்த வங்கி எழுத்தருக்கும் கடைச் சிப்பந்திக்கும் அது இல்லை. 2023 செப்டம்பரில் நியூயார்க் மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் போட்டது. அன்று அந்த எல்லைக்குள் இயங்கிய நிறுவனங்கள், அப்போது தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த உரிமை பற்றித் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அது.